அதிசயம் என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதழில், கொலம்பியாவின் அமேசான் காட்டில் விழுந்த சின்ன விமானத்தைப் பற்றியும் நாற்பது நாள் கழித்து அந்தக் காட்டிலிருந்து உயிரோடு மீண்ட நான்கு பிள்ளைகளைப் பற்றியும் அரைப் பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். நல்ல கட்டுரை, எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தலைப்பில் 'அதிசயம்', முதல் பத்தியில் 'அதிசயம்', படத்துக்குக் கீழே மறுபடியும் 'அதிசயம்'. விமானம் ஏன் விழுந்தது என்ற இடத்துக்கு வந்தால் 'எஞ்சின் கோளாறு காரணமாக' என்று மூன்று வார்த்தையோடு முடிந்துவிட்டது. விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்து, இந்த மாதிரி ஒற்றை எஞ்சின் விமானங்களைக் கழற்றி மாட்டியே காலம் கழித்தவன் நான். அந்த மூன்று வார்த்தையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக என்னால் முடியவில்லை. பேத்தியும் அங்கேதான் நிறுத்தினாள். "கோளாறுன்னா என்ன தாத்தா, பஸ் மாதிரி நின்னுடுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். இடம் இருந்தால் போடுங்கள்.

நடந்தது இதுதான். 2023 மே 1 காலையில், அராராகுவாரா என்ற இடத்திலிருந்து சான் ஹோசே தெல் குவாவியாரே என்ற ஊருக்கு செஸ்னா 206 என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம் கிளம்பியது. விமானி, பழங்குடித் தலைவர் ஒருவர், ஒரு தாய், அவருடைய நான்கு பிள்ளைகள் என்று மொத்தம் ஏழு பேர். மூத்த பெண்ணுக்கு 13 வயது, அடுத்தவளுக்கு 9, பையனுக்கு 4, கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். ஆயுதக் குழுவின் மிரட்டலுக்குப் பயந்து முன்னாலேயே ஊரை விட்டு வந்திருந்ததாகப் பின்னால் சொன்ன தந்தையிடம் போய்ச் சேரத்தான் அவர்கள் ஏறினார்கள்.

அராராகுவாரா எப்படிப்பட்ட இடம் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம். காக்கெட்டா ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவில் இடுக்கிப் பாய்கிறது, படகு நேராகப் போக வழியில்லை. சாலை என்ற பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் கொலம்பிய அரசு அங்கே கைதிகளைக் கொண்டுபோய் வைத்திருந்தது. சுற்றிலும் காடே மதிலாக இருக்கும்போது தனியாக மதில் எதற்கு! அந்த ஊர்க்காரர்களுக்கு ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம்தான் மினிபஸ், அதுவே ஆம்புலன்ஸ், அதுவே மளிகை வண்டி. நமக்கு விமானம் என்றால் வசதி உள்ளவன் போவது. அங்கே வேறு போக்கு இல்லாதவன் ஏறுவது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிளம்பி அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் காலை ஏழே கால் வாக்கில், எஞ்சின் சக்தி இழந்துவிட்டது, இறங்க இடம் தேடுகிறேன் என்று விமானி வானொலியில் 'மேடே', அதாவது உயிராபத்து அழைப்பு, சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் மறுபடி இழுக்க ஆரம்பிக்கிறது, உயரம் பிடிக்கிறார். அப்புறம் இரண்டாம் தடவை போய்விடுகிறது. ஆறு ஒன்றைத் தேடுகிறேன், வலப்பக்கம் ஆறு தெரிகிறது என்பதுதான் அவர் சொன்ன கடைசிச் செய்திகளில் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது, மறைக்க வேண்டியதில்லை. போன எஞ்சின் திரும்பி வந்த அந்த ஒரு சில நிமிடத்தில் அந்த மனிதர் 'அப்பாடா' என்று மூச்சு விட்டிருப்பார். பின்னால் குழந்தை அழுதிருக்கும், தாய் சமாதானப்படுத்தியிருப்பார். அதற்குள் இரண்டாம் தடவை.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி பொத்தென்று விழாது, மிதந்து இறங்கும். இந்த ரக விமானம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தூரம் வரை மிதந்து போகலாம். அந்தத் தூரத்துக்குள் வயல் வேண்டும், மணல் வேண்டும், நேரான ரோடு வேண்டும். நம் ஊரில் பயிற்சி விமானத்துக்கு எஞ்சின் போனால், அறுத்த வயல் ஒன்றில் இறக்கிவிட்டு, சேற்றுக் காலோடு நடந்து வந்து டீ குடித்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அமேசானில் வயல் இல்லை. நாற்பது மீட்டர் வரை வளர்ந்த மரங்கள், மேலே இருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும், ஆனால் அது பாய் இல்லை, நாற்பது மீட்டர் ஆழக் கிணறு. அதனால்தான் அந்த விமானி ஆற்றைத் தேடினார். ஆறு வரைக்கும் விமானம் போய்ச் சேரவில்லை. மரங்களில் மோதி மூக்குக் குத்தித் தரையில் சொருகி நின்றது. முன்னால் இருந்த பெரியவர்கள் மூன்று பேரும் போய்விட்டார்கள். பின்னால் இருந்த பிள்ளைகள் நான்கு பேரும் பிழைத்தார்கள்.

சரி, எஞ்சின் ஏன் நிற்கிறது? 206-ல் இருப்பது ஆறு சிலிண்டர், சுமார் 300 குதிரைத்திறன். பழைய அம்பாசிடர் கார் எஞ்சினைத் திறந்து பார்த்தவருக்கு இதுவும் புரிந்துவிடும், அடிப்படை அதேதான். பெட்ரோல் வரணும், காற்று வரணும், தீப்பொறி வரணும், உள்ளே ஓடுகிற சாமான் உடையாமல் இருக்கணும். இதில் தீப்பொறிக்கு மட்டும் இரட்டைக் காவல் வைத்திருக்கிறார்கள். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற மேக்னெட்டோ இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் இரண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். பெட்ரோலுக்கும் உள்ளே ஓடுகிற சாமானுக்கும் அந்த மாதிரி இரட்டைக் காவல் கிடையாது. அங்கே காவல் மெக்கானிக்கின் கண்ணும் கையும்தான்.

ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுவோம். மாற்றிவிட்டுப் பழைய பில்டரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தகர உறையை வட்டமாக வெட்டி, உள்ளே விசிறி மாதிரி மடிந்திருக்கும் தாளைக் கத்தியால் நறுக்கி, நீளமாக விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கணும். கரி மட்டும் இருந்தால் நல்லது. மினுமினுவென்று தூள் தெரிந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவோம். ஒட்டினால் இரும்பு, உள்ளே எதுவோ தேய்கிறது, விமானம் அன்றைக்குக் கிளம்பாது. இதற்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கேட்பதில்லை, கட்டண ரசீதில் அதற்கென்று வரியும் இல்லை. அதனாலேயே அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

பெட்ரோல் விஷயம் இன்னும் எளிது, இன்னும் கொடுமை. இறக்கைக்குள் டாங்க். ராத்திரி வெளியே நிற்கும்போது பனி உள்பக்கம் வியர்த்து நீராகும், அல்லது மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழை இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்குப் போகிற குழாயும் அடியில்தான். அதனால் தினமும் முதல் தடவை பறப்பதற்கு முன்னால் இறக்கையின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கப்பை வைத்து அமுக்கிக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கணும். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள், கண்ணால் பார்த்ததும் தெரிவதற்காக.

ஓர் ஐப்பசி மாதம், ராத்திரி முழுக்க அடைமழை விட்ட காலை. ஒரு பையன் தனியாகப் பறக்க வேண்டிய நாள், அவன் அப்பா அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கப்பை வைத்து அமுக்கினேன். கப்பில் வந்தது நீலமே இல்லை, வெள்ளையாக, சுத்தமாக, குடிதண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு கணம் பெட்ரோல்தான் சாயம் போயிருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. முகர்ந்து பார்த்தேன், வாசனை பெட்ரோல் வாசனைதான், கையெல்லாம் அந்த வாசனை இருக்கும்போது மூக்கு எதைச் சொல்லும்? அப்புறம் இரண்டாவது கப் பிடித்தபோது நடுவில் கோடு தெரிந்தது. மேலே நீலம், கீழே தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் ஒரு வளைவு. ஒன்பதாவது கப்பில்தான் முழு நீலம் வந்தது. முதல் கப்பைப் பார்த்துவிட்டு 'சுத்தமா இருக்கு' என்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஓடுதளத்தில் ஓடும்போது எல்லாம் சரியாக இருந்திருக்கும், குழாயில் மிச்சம் இருந்த நல்ல பெட்ரோல் தீரும் நேரம் அவன் தென்னை மர உயரத்தில் இருந்திருப்பான். மேற்பார்வையாளர் வந்து "நேரமாகுது, விடுப்பா" என்றார். விடவில்லை. அந்தப் பையனுக்கு இன்றைக்கும் இது தெரியாது.

இந்த 206 ரகத்தின் பழைய விமானங்களில் டாங்க் என்பது இறக்கைக்குள் வைத்த ரப்பர் பை. பையில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் அந்த மடிப்புக்குள் தேங்கிக்கொள்ளும், கப் வைத்துப் பிடித்தாலும் வராது, மேலே போய் ஆடும்போது வெளியே வரும். இதற்காக 1980-களில் அமெரிக்க விமானத் துறை தனியாக ஆணையே போட்டது. அமேசான் விமானத்தில் நடந்தது தண்ணீர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கொலம்பிய விமானப் போக்குவரத்துத் துறையின் முதல்கட்ட அறிக்கையில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. இதே விமானம் 2021-லும் ஒரு விபத்தில் சிக்கியிருக்கிறது. ப்ரொப்பெல்லரும் எஞ்சினும் அடிபட்டு, பழுது பார்த்து மறுபடி பறக்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் முடிவதற்குள் இது. பழுது பார்த்து ஓட்டுவது தப்பு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான், எங்கள் பிழைப்பே அது. ஆனால் ப்ரொப்பெல்லர் தரையில் இடித்த எஞ்சினை, உள்ளே போகிற முக்கியத் தண்டிலிருந்து ஒவ்வொரு சாமானாகப் பிரித்து விரிசல் இருக்கிறதா என்று சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்பது எங்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அப்படிப்பட்ட எஞ்சினைப் பிறகு எத்தனை கண் பார்த்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்கிற உரிமை அதில் ஏறுகிறவருக்கு உண்டு. அராராகுவாராவில் ஏறுகிறவர் யாரைக் கேட்பார்? கேட்டுவிட்டு வேறு எதில் போவார்?

அந்தப் பக்கத்தில் இது தனியான ஒரு சம்பவமும் இல்லை. 2019 மார்ச் 9-ஆம் தேதி, இதே சான் ஹோசே தெல் குவாவியாரேயிலிருந்து வியாவிசென்சியோவுக்குப் போன டிசி-3 ஒன்று எஞ்சின் போய் விழுந்தது, இருந்த 14 பேரும் போனார்கள். டிசி-3 என்றால் இரண்டாம் உலகப் போரில் ஓடிய விமானம். அதை 2019-லும் பயணிகளுக்கு ஓட்டுகிறார்கள் என்றால் ஆசைக்காக இல்லை. கரடுமுரடான சின்ன ஓடுதளத்தில் அதுதான் இறங்கும், அந்தச் சனங்களால் கொடுக்க முடிந்த காசுக்கு அதுதான் வரும். பெரிய விமானம் ஒன்று விழுந்தால் உலகம் முழுக்க ஒரு வாரம் விவாதிக்கிறோம், கறுப்புப் பெட்டி என்கிறோம், நிபுணர்களை உட்கார வைக்கிறோம். ஏழு பேர் உட்கார்ந்த விமானத்துக்குக் கறுப்புப் பெட்டியும் கிடையாது, விவாதமும் கிடையாது. பிள்ளைகள் மட்டும் பிழைத்திருக்காவிட்டால் இந்தச் செய்தி உங்கள் பத்திரிகைக்கு, ஏன் எந்தப் பத்திரிகைக்குமே வந்திருக்காது.

பிள்ளைகளிடம் வருகிறேன், ஏனென்றால் 'அதிசயம்' என்ற வார்த்தை எனக்கு அதிகமாக உறுத்தியது அங்கேதான்.

விமானத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. உள்ளே பெரியவர்களின் உடல்கள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் பால் புட்டி, கத்தரிக்கோல், கடித்துப் போட்ட பழம், தழைகளால் கட்டிய சின்னக் குடில், காலடித் தடம் எல்லாம் கிடைத்தன. நடுவில் அந்த நாட்டு ஜனாதிபதி குஸ்தாவோ பெத்ரோவே பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று அறிவித்து, உறுதியாகாத தகவல் என்று மறுநாள் அதை நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்தார். அந்த ஒரு ராத்திரி அந்தப் பிள்ளைகளின் பாட்டி என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பாட்டியின் குரலைத்தான் ராணுவம் பதிவு செய்து, ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, காட்டுக்கு மேலே போட்டுக்கொண்டே பறந்தது. அவர்களுடைய ஹுயிட்டோட்டோ மொழியில், நடந்துகொண்டே இருக்காதீர்கள், ஓரிடத்தில் இருங்கள், உங்களைத் தேடுகிறோம் என்று. சாப்பாட்டுப் பொட்டலங்களையும் காடெல்லாம் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களும் பல ஊர்களிலிருந்து வந்த பழங்குடித் தொண்டர்களும் சேர்ந்து 2,600 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நடக்கிற மாதிரி, ஆனால் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே. இருபது மீட்டருக்கு மேல் கண் தெரியாத காடு, ஓயாத மழை. ஒரு சமயம் இருபது, ஐம்பது மீட்டர் பக்கத்திலேயே கடந்து போயிருக்கிறார்கள் என்று தேடுதலுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெத்ரோ சான்செஸ் பின்னால் சொன்னார். பிள்ளைகள் பயந்து சத்தம் காட்டாமல் ஒளிந்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்தவர் யாராக இருந்தாலும் ஒளிந்துகொள் என்று பழகிய ஊர்ப் பிள்ளைகள், வேறென்ன செய்யும்?

ஜூன் 9-ஆம் தேதி, விமானம் விழுந்த இடத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில், பழங்குடித் தொண்டர்களின் கண்ணில் பட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூத்த பெண் ஓடி வந்து "பசிக்குது" என்றாளாம். படுத்திருந்த பையன் எழுந்து "எங்கம்மா செத்துப்போயிட்டாங்க" என்றானாம். கொஞ்சம் ஆறுதல் சொன்னதும் ரொட்டியும் தொத்திறைச்சியும் வேணும் என்று கேட்டிருக்கிறான். கைக்குழந்தைக்கு முதல் பிறந்தநாள் காட்டுக்குள்ளேயே வந்து போயிருந்தது.

எப்படிப் பிழைத்தார்கள்? முதலில், விமானத்தில் அவர்களுடைய மூட்டையில் மூன்று கிலோ போல பரின்யா இருந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவு. நாம் சேலத்துப் பக்கம் ஜவ்வரிசிக்கு விளைவிக்கிற அதே மரவள்ளிக்குத் தென் அமெரிக்காதான் தாய்வீடு. அங்கே கசப்பு ரகம் ஒன்று உண்டு, அப்படியே தின்றால் சயனைடு விஷம். அதைத் துருவி, கூடையில் போட்டுப் பிழிந்து, நச்சு நீரை வடித்து, பெரிய தட்டில் வறுத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீரில் கரைத்தால் குழந்தையும் குடிக்கும். யாரோ ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து துருவிப் பிழிந்து வறுத்த மாவு அது. அது தீர்ந்ததும் காட்டுப் பழங்கள், மில்பேசோஸ் என்ற பனை வகையின் காய், ஹுவான்சோகோ என்ற பழம். அந்த மாதத்தில் காட்டில் பழுக்கிற காலம். எந்தப் பழத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பாட்டியும் தாயும் சொல்லி வைத்திருந்தார்கள். தழையால் கூரை போடத் தெரியும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியும், ஏனென்றால் அம்மா வேலைக்குப் போகும்போது தம்பி தங்கையைப் பார்த்தது அவள்தான். விளையாட்டில்கூட அக்காவும் தங்கையும் குச்சி, தழை வைத்துக் குடில் கட்டுவார்களாம்.

இது தெரிந்த சனங்கள் யார் என்றும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பால் எடுக்க இந்த ஹுயிட்டோட்டோ மக்களை அடிமையாக்கி, சவுக்கால் அடித்து, பட்டினி போட்டு, ஆயிரமாயிரமாகக் கொன்றார்கள். பிரிட்டிஷ் அரசு 1910-ல் அனுப்பிய ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை 1912-ல் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. அந்த அழிவிலிருந்து மிஞ்சிய பாட்டிகள் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்ததுதான், எந்தக் காய் தின்னலாம் என்ற அந்த அறிவு.

இதே மாதிரி இன்னொரு கதையும் உண்டு. 1971 டிசம்பர் 24-ல் பெரு நாட்டில் ஒரு பயணிகள் விமானம் மின்னல் தாக்கி ஆகாயத்திலேயே உடைந்தது. இருந்த 92 பேரில் பதினேழு வயது ஜூலியானே கோப்கே ஒருத்திதான் மீண்டாள். பதினோரு நாள் காட்டில் நடந்தாள். அவளுடைய பெற்றோர் இருவரும் காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் போட்டு வாழ்ந்த உயிரியலாளர்கள். வழி தப்பினால் நீரோடையைப் பிடி, ஓடை ஆற்றுக்குப் போகும், ஆற்றங்கரையில் ஆள் இருப்பான் என்று அப்பா சொல்லியிருந்தார். கையில் இருந்த காயத்தில் புழு வைத்தபோது ஆளில்லாத படகு ஒன்றில் கிடைத்த பெட்ரோலை ஊற்றினாள், வீட்டு நாய்க்கு அப்பா அப்படி வைத்தியம் பார்த்ததைச் சின்ன வயதில் பார்த்திருந்தாள். அவளையும் அன்றைக்கு உலகம் அதிசயப் பெண் என்றுதான் எழுதியது.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன்தான், தினமும் கப்பைக் கையில் எடுக்கும் முன்னால் முருகனைக் கும்பிட்டவன். தேடிப் போனவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை உயிரோடு கிடைத்தால் வானொலியில் 'மிலாக்ரோ' என்று சொல்வது என்று ராணுவம் சங்கேதம் வைத்திருந்தது. அவர்கள் பாஷையில் அதிசயம் என்று அர்த்தம். ஜூன் 9 அன்று அந்த வார்த்தை நான்கு தடவை ஒலித்தது. காலெல்லாம் புண்ணாகி நாள் கணக்கில் நடந்தவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முழு உரிமை உண்டு. எழுதுகிற நாம் அதையே எடுத்துத் தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்தால், பாட்டி சொல்லிக்கொடுத்தது மறைந்துபோகிறது, மாவு வறுத்த பெண் மறைந்துபோகிறார், எஞ்சின் ஏன் நின்றது என்ற கேள்வியும் அதோடு போய்விடுகிறது. பிழைத்தது அதிசயம் என்றால் விழுந்தது விதி என்று ஆகிவிடும் பாருங்கள், இரண்டு வார்த்தையும் ஒரே பெட்டிக்குள் வருகிறவை. அந்தத் தாய்க்கு முப்பத்து மூன்று வயது. அவர் இறந்ததை விதி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வில்சன் என்ற மோப்ப நாயைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் இல்லை. பெல்ஜியம் ஷெப்பர்ட் வகை, ராணுவ நாய். பிள்ளைகளின் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு போனது, அப்புறம் திரும்பவே இல்லை. காட்டுக்குள் சில நாள் தங்களோடு இருந்தது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் அதைப் படமாக வரைந்தும் கொடுத்தார்கள். பேத்தி இதைக் கேட்டதிலிருந்து வில்சனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் மூன்றாவது பத்தியில் 'விமானத்தில் இருந்த பிஸ்கட் முதலியவற்றைச் சாப்பிட்டு' என்று இருக்கிறது. பிஸ்கட் இல்லை, மரவள்ளி மாவு. நாளைக்கு அச்சாகிற இதழில் ஒரு மூலையில் போட்டால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
பல்லாவரம்.